ரோவீனா தேர்ந்தெடுத்த ஆன்டெனா

முன்னால் விபத்து, நிறுத்துங்கள் என்று ஒருத்தி தொண்டை கிழியக் கத்துகிறாள். பின்னால் வரும் லாரிகளில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. குற்றம் யாருடையது? கத்தியவளுடையதா, கேட்காதவனுடையதா, இல்லை, வேலை செய்யாத கருவியை இரண்டு பேர் கையிலும் கொடுத்துவிட்டுக் கதகதப்பான அறையில் உட்கார்ந்திருந்தவனுடையதா? மேலே படிப்பதற்கு முன் உங்கள் தீர்ப்பைச் சொல்லிவிடுங்கள். அந்தக் கம்பெனி தன் தீர்ப்பைச் சொல்ல ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கத்தியவள் பெயர் ரோவீனா ஸ்டக்கி. அயோவாக்காரி. பன்றி இறைச்சி ஆலையில் கத்தி பிடித்து நின்ற கை, பிறகு லாரியின் ஸ்டியரிங்குக்கு மாறியது. ஆலையில் இருந்தபோது தொழிலாளர் சங்கத்துக்காக முதலாளியோடு மல்லுக்கு நின்றவள். வண்டி ஓட்டும்போது நூலகத்தில் எடுத்த ஒலிப்புத்தகங்களைக் கேட்டுக்கொண்டே போவாள். வானவியல், நெப்போலியன், கறையான் என்று எது கிடைத்தாலும் விடமாட்டாள். யார் என்ன சொன்னாலும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை "எப்படித் தெரியும்?" என்பதுதான். பாதிரியாரிடமும் கேட்பாள், போலீஸ்காரரிடமும் கேட்பாள். இந்த ஒரு கேள்விக்காகவே அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட அஞ்சுகிற டிரைவர்கள் உண்டு. எனக்கோ அவள் இல்லாத மேசையில் காபி இறங்காது.

நாங்கள் லாரமியிலிருந்து ராலின்ஸ் வழியாக மேற்கே போகும் எண்பதாம் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்கள். எல்க் மலையைச் சுற்றி வரும் அந்தப் பகுதியில் காற்று, நிற்கிற லாரியையே சாய்க்கும். பனிக்காலத்தில் தரையிலிருந்து எழும் பனித்தூள் கண்ணாடி முன்னால் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி நிற்கும். செல்போன் சிக்னல் கோடுகள் பாதி வழியில் செத்துவிடும். அங்கே எங்களுக்கு இருக்கிற ஒரே காது சிபி ரேடியோ. பத்தொன்பதாம் சானலில் முன்னால் போகிறவன் பார்த்ததைச் சொல்வான், பின்னால் வருகிறவன் பிழைத்துக்கொள்வான்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, ரோவீனா ஒரு வளைவைத் தாண்டியதும் சாலையில் கார்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. வண்டியை ஓரம் கட்டிவிட்டு மைக்கை எடுத்துக் கத்தினாள். அவளுக்குப் பின்னால் அதே கம்பெனி வண்டியில் லானி பாஸ்கம் வந்துகொண்டிருந்தான். ரேடியோ முழுச் சத்தத்தில் இருந்தது. அதில் வெறும் இரைச்சல் மட்டும்தான் வந்தது. அவன் நிறுத்த முயன்றபோது இடமில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

லானியின் பாதிரியார், அது கடவுளின் சித்தம் என்றார். கம்பெனி, அது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து, அதாவது ஓட்டியவன் தவறு, என்று அவன் கோப்பில் எழுதியது. இரண்டு பேருமே ஆன்டெனாவைப் பார்க்கவில்லை.

கம்பெனி ஒரு சோதனை நடத்தியது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரோவீனாவின் வண்டியைக் கம்பெனி வண்டிகள் நிற்கும் யார்டில் நிறுத்தி, மெக்கானிக் ஏறி உட்கார்ந்து, "ரேடியோ செக்" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற வண்டிக்காரன், "கணீர்னு கேக்குது டிரைவர்" என்றான். முடிந்தது விசாரணை. ரேடியோ நன்றாக இருக்கிறது, ஆகவே ரோவீனா கத்தியிருக்க மாட்டாள், அல்லது லானி காதுகொடுத்திருக்க மாட்டான். நாங்கள் எல்லோரும் செய்கிற தவறுதான் இது. லாரி நிறுத்தத்தில் நின்றுகொண்டு "ரேடியோ செக்" கேட்போம். பத்தடி தள்ளி நிற்கிறவன் நன்றாகக் கேட்கிறது என்பான். மனம் குளிர்ந்து மலையேறுவோம். அந்தத் தூரத்துக்குத் துணி மாட்டும் கம்பியைச் சொருகினாலும் கேட்கும்.

அக்டோபரில் உத்தரவு வந்தது. முதல் பனிக்கு முன் எல்லா வண்டிகளிலிருந்தும் சிபி ஆன்டெனாக்களைக் கழற்ற வேண்டும். வண்டி கழுவும் பிரஷ்ஷில் மாட்டிக்கொள்கின்றனவாம், யாரும் பயன்படுத்துவதும் இல்லையாம், எச்சரிக்கை எல்லாம் வண்டியில் கொடுத்த டேப்லெட் திரையில் வருமாம். கோடே வராத இடத்தில் டேப்லெட்டில் என்ன வரும்? பூதம் வரும்.

ரோவீனா என்னையும் இழுத்துக்கொண்டு பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள். அவர் பெயர் பிரெஸ்டன் ஹாக்லண்ட். கெட்ட மனிதர் இல்லை. விதிமுறைப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற ரகம்.

"ரோவீனா, ரேடியோ நல்லாத்தான் இருக்கு. செக் பண்ணியாச்சு."

"எப்படித் தெரியும்?"

"யார்டுல பேசிப் பாத்தாங்க. பக்கத்து வண்டில கேட்டுச்சு."

"பிரெஸ்டன், பக்கத்து வண்டிக்கு நான் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாலே கேக்கும். மலை வளைவுல, பின்னாடி மூணு மைல்ல வர்றவனுக்குக் கேக்குதா? அதைச் சொல்லுங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"வண்டில ஏறி உக்காந்து கேட்டுப் பாக்க முடியும். வர்ற வியாழக்கிழமை. எந்த ஆன்டெனான்னு நான் தேர்ந்தெடுக்கிறேன். மூணு மைலுக்குப் பின்னாடி உங்க காதுல விழுந்துச்சுன்னா ஆன்டெனா இருக்கணும். விழலைன்னா நானே எல்லா வண்டிலயும் கழட்டித் தர்றேன்."

ஹாக்லண்ட் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற மெட்ராஸ்?" என் ரேடியோப் பெயர் அது. பல வருடங்களுக்கு முன்னால் ஒட்டியது, இன்றுவரை உரியவில்லை.

"என் வண்டி சொந்த வண்டி. நான் பின்னாடி வர்றேன், நீங்க என்கூட உக்காருங்க. காபி என் செலவு."

"சரி, ஒரு நாள்தான்" என்றார்.

ஒரு பெண்மணி வாய்விட்டுக் கேட்ட ஒரு நாளில், அத்தனை டிரைவர்களின் பனிக்காலமும் மாட்டிக்கொண்டது. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. பயத்தால் அல்ல, குதூகலத்தால்!

புதன்கிழமை மதியம் ரோவீனா, லானி, நான் மூன்று பேரும் லாரி நிறுத்தத்தில் உள்ள உதிரிபாகக் கடைக்குப் போனோம். இப்போது வண்டி ஓட்டாத லானி, செயற்கைக் காலோடு எங்களுக்கு முன்னால் நடந்தான். கடையின் ஒரு சுவர் முழுக்க ஆன்டெனாக்கள். குட்டையும் நெட்டையும், கறுப்பும் வெள்ளையும், கழுத்தில் பளபளக்கும் செம்புச் சுருளோடு துப்பாக்கி போலச் சில. கடைக்காரன் அதில் மிகப் பெரியதைத் தடவிக் கொடுத்தான்.

"இதுதான் ராஜா. டெக்சாஸ் வரைக்கும் பேசலாம்."

"எப்படித் தெரியும்?" என்றாள் ரோவீனா.

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் சொன்னதாலதான் பூமி தட்டையா கிடந்துச்சு. வேற காட்டு."

லானிக்கு ஒரே ஆசைதான். இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் ஜோடியாக நிற்கும் வெள்ளைக் கம்பிகள். "ரெண்டு பக்கமும் நின்னா வண்டி எப்படி இருக்கும் தெரியுமா? சும்மா கொம்பு வச்ச மாதிரி!"

"நீ மயிலாடா? தோகை விரிச்சு ஆடப் போறியா?"

"என் காலுக்குத்தான் அழகு போச்சு. வண்டிக்காவது இருக்கட்டுமே."

அவள் சிரித்தாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வருடமாக அவள் கட்சி ஒற்றைக் கம்பிதான். அவள் சொன்ன காரணமும் நியாயமானது. எங்களுக்குப் பின்னால் வருவது பதின்மூன்றரை அடி உயர இரும்புப் பெட்டி. கம்பெனி கொடுத்த குட்டை ஆன்டெனா அந்தப் பெட்டியின் நிழலிலேயே நிற்கிறது. நாம் போடும் சத்தத்தைப் பெட்டி விழுங்கிவிடும். ஆகவே நெட்டையாக, சுருள் மேலே தள்ளி இருப்பதாக ஒன்று, பெட்டியின் தலைக்கு மேல் எட்டிப் பார்க்கிற மாதிரி வேண்டும். ஜோடி என்பது வெறும் ஜம்பம் என்பது அவள் முடிவு.

"ஆனா அளந்து பாக்காம சொல்லமாட்டேன்" என்று அவளே சொல்லி, ஜோடியையும் அதற்கென்று இருக்கும் தனி கேபிளையும் கூடையில் போட்டாள். ஒற்றைக்கு உரிய கேபிள் வேறு, ஜோடிக்கு உரியது வேறு. ஜோடியில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்றதை வைத்து ஓட்டுகிற அறிவாளிகள் எங்களில் நிறையப் பேர். அப்புறம் ஆன்டெனாவுக்கு அதிர்ஷ்டம் வரட்டும் என்று நுனியில் நரிவால் கட்டுவார்கள்.

வியாழக்கிழமை காலை இரண்டு வண்டிகளிலும் உறைந்த இறைச்சி நிறைந்திருந்தது. எடை இல்லாமல் அந்தக் காற்றுக்குள் விவரம் தெரிந்தவர்கள் போகமாட்டார்கள். ரோவீனா முன்னால். அவள் பக்கத்தில் லானி, மடியில் மீட்டர். நாம் அனுப்பும் சக்தியில் எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு திரும்பி ரேடியோவுக்கே வருகிறது என்று அந்த மீட்டர் காட்டும். முள் சிவப்பில் நின்றால் நாம் நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். பின்னால் நான், என் பக்கத்தில் மடித்த கோட்டோடு ஹாக்லண்ட்.

முதலில் கம்பெனியின் குட்டை ஆன்டெனா. கால் மைல் இடைவெளி வந்ததுமே ரோவீனாவின் குரல் கொதிக்கும் எண்ணெயில் விழுந்த மாதிரிப் பொரிந்து காணாமல் போனது. ஹாக்லண்ட் சத்தத்தைக் கூட்டினார். இரைச்சல்தான் கூடியது. மார்ச் மாதத்தில் லானி கேட்டதும் இந்த இரைச்சலைத்தான்.

ஆர்லிங்டனில் இறங்கி ஒற்றைக் கம்பியை மாட்டினார்கள். நெட்டையானது, அழகானது, பெட்டிக்கு மேல் நிமிர்ந்து நின்றது. மறுபடி கிளம்பினோம். அரை மைல். அதே பொரியல்! வேகன்ஹவுண்ட் ஓய்விடத்தில் இரண்டு வண்டிகளையும் நிறுத்தினோம். ரோவீனா கதவைத் திறந்து குதித்தாள்.

"முள்ளு சிவப்புலயே நிக்குது" என்று லானி உள்ளேயிருந்து கத்தினான். "குட்டைக்கும் சிவப்பு, நெட்டைக்கும் சிவப்பு. பிசாசு புடிச்ச வண்டி!"

"பிசாசாவது மண்ணாவது. ரெண்டு ஆன்டெனாவும் ஒரே மாதிரி தப்புப் பண்ணுதுன்னா தப்பு ஆன்டெனால இல்ல. ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்கு?"

ஹாக்லண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரோவீனா, பாவமாத்தான் இருக்கு. ஆனா பேசினது பேசினதுதான். திரும்பிப் போவோம்."

அவள் பக்கக் கண்ணாடியைத் தாங்கும் இரும்புக் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆன்டெனாவின் அடிப்பாகம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஆன்டெனா பேச வண்டியின் இரும்பைத் தொட வேண்டும், ஆனால் எங்கள் வண்டிகளின் கேபின் ஃபைபர். ஆன்டெனாவுக்குத் தொட்டுக்கொள்ள இரும்பு கிடைப்பது அந்தக் கையில் மட்டும்தான். அவள் நகத்தால் சுரண்டினாள். நகம் வழுக்கியது. கறுப்பான, ரப்பர் போலத் தடித்த பூச்சு.

"இது எப்ப அடிச்சது?"

"ஜனவரில" என்றார் ஹாக்லண்ட், கொஞ்சம் பெருமையோடு. "சாலை உப்பு கண்ணாடிக் கையைத் தின்னுடுதுன்னு நான்தான் யோசனை சொன்னேன். எல்லா வண்டிக்கும் அடிச்சோம்."

ஜனவரிக்குப் பிறகு மார்ச் வருகிறது. பெயின்ட் மின்சாரத்தை விடாது. ஆன்டெனா இரும்பின்மேல் உட்கார்ந்திருக்கவில்லை, பூச்சின்மேல் உட்கார்ந்திருந்தது. எல்லா வண்டிகளிலும். லானி இறங்கி வந்து கண்ணாடிக் கையைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். ஹாக்லண்டைப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்திருக்க வேண்டும்.

ரோவீனா கருவிப் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்தாள்.

"அதைத் தொடாத" என்றார் ஹாக்லண்ட். "கம்பெனி சொத்தை மாத்தக் கூடாதுன்னு விதி இருக்கு. நீ சுரண்டினா நான் எழுதித்தான் ஆகணும். ஏற்கனவே உன் பேர்ல ஒரு புகார் இருக்கு."

"எழுதுங்க. என் பேரை எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க."

அரம் கிறீச்சிட்டது. கறுப்புத் தூள் காற்றில் பறந்தது. கீழே இரும்பு வெள்ளி மாதிரிப் பளிச்சென்று தெரிந்தது. அவள் ஆன்டெனாவை மறுபடி இறுக்கினாள். லானி ஒற்றைக் காலில் தாவி உள்ளே ஏறி மைக்கை அழுத்தினான்.

"இறங்குது! ரோவீனா, முள்ளு இறங்குது! அடியோட படுத்துருச்சு!"

நான் ஓடிப்போய் என் வண்டியைக் கிளப்பினேன். ஹாக்லண்ட் தானாகவே ஏறி உட்கார்ந்தார். ஒன்றரை மைல் வரை ரோவீனாவின் குரல் பக்கத்து நாற்காலியில் இருப்பவள் மாதிரிக் கேட்டது. இரண்டு மைலில் தேய்ந்தது. வளைவில் அவள் பெட்டி நமக்குக் குறுக்கே திரும்பியதும் அறுந்து அறுந்து வந்தது. நல்ல முன்னேற்றம், ஆனால் மூன்று மைல் இல்லை. ஒரு பக்கக் கண்ணாடியில் நிற்கும் கம்பிக்கு மறுபக்கத்தைப் பெட்டி மறைக்கத்தான் செய்தது.

ரேடியோவில் லானி: "இப்பவாவது என் ஜோடியைப் போட்டுப் பாக்கிறியா மகாராணி?"

"போடுறேன்டா மயிலே."

ஒரு எக்ஸிட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சுற்றிக்கொண்டு ஓய்விடத்துக்கே திரும்பினோம். மறுபக்கக் கண்ணாடிக் கையையும் சுரண்டினாள். ஹாக்லண்ட் இந்த முறை தடுக்கவில்லை. ஜோடியை மாட்டி, அதற்குரிய கேபிளைப் போட்டு, முள்ளைப் பார்த்து நீளத்தைச் சரிசெய்தாள். அவளை முன்னால் விட்டு, நான் வேண்டுமென்றே இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தேன். இரண்டு மைல், கணீர். இரண்டரை, கணீர். மூன்று மைலில் வளைவு வந்தது.

"மெட்ராஸ், கேக்குதா?"

"லானி பக்கத்துல உக்காந்து மெல்றதுகூடக் கேக்குது!"

"நான் தோத்துட்டேன்!" என்று அவள் கூவினாள், பரிசு விழுந்தவள் மாதிரி. "ஜோடி ரெண்டு பக்கமும் பெட்டியைத் தாண்டிப் போகுது, சாலை நெடுக முன்னயும் பின்னயும் தள்ளுது. ஒரு வருஷமா உளறியிருக்கேன். லானி, நீ அழகுக்குக் கேட்ட, ஆனா சரியாக் கேட்ட!"

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றான் லானி.

தன் கருத்து பொய்த்ததற்கு இவ்வளவு மகிழ்ந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கோயிலும் சர்ச்சும் கட்டி வைத்திருக்கிற நாம் இதற்கும் ஒரு திருவிழா வைத்திருக்கலாம்.

அந்தச் சிரிப்பு முடியவில்லை. ரோவீனாவின் குரல் சட்டென்று மாறியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! மேற்கே போற எல்லாரும் வேகத்தைக் குறைங்க. எல்க் மலை வளைவுக்கு அப்புறம் காலிப் பெட்டி ஒண்ணு காத்துல சாஞ்சு ரெண்டு லேனையும் அடைச்சுக் கிடக்கு. டிரைவர் வெளிய வந்துட்டார். மறுபடி சொல்றேன், ரெண்டு லேனும் அடைச்சிருக்கு!"

என் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. மைக்கை எடுத்து அவள் சொன்னதை எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அப்படியே திருப்பிச் சொன்னேன். அபாய விளக்கைப் போட்டேன். "கேட்டாச்சு டிரைவர்" என்றது ஒரு குரல். "கேட்டாச்சு, நன்றிம்மா" என்றது இன்னொன்று. ஹாக்லண்ட் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டின்மேல் வந்துகொண்டிருந்த லாரிகளில் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சள் விளக்குகள் மின்னத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு அடுத்தது, பிறகு எண்ண முடியாத வரிசை. அத்தனை டன் இரும்பும் ஒரு பெண்ணின் குரலுக்குக் கட்டுப்பட்டு மெல்ல நின்றது. ஒரு கீறல் இல்லை.

இங்கேயே முடித்தால் கதை இனிக்கும். ஆனால் நடந்தது வேறு.

வெள்ளிக்கிழமை இரண்டு தாள்கள் வந்தன. ஒன்றில், ஆன்டெனாக்கள் கழற்றப்படமாட்டா, எல்லா வண்டிகளுக்கும் ஜோடி வாங்கப்படும் என்று இருந்தது. ஆனால் பெயின்ட்டை டிரைவர்கள் தொடக்கூடாது, வசந்த காலத்தில் பட்டறை அதைக் கவனிக்கும். வசந்தம் வருவதற்குள் ஒரு முழுப் பனிக்காலம் இருக்கிறது! இன்னொரு தாள் ரோவீனாவுக்கு. கம்பெனி சொத்தைச் சேதப்படுத்தியதற்கு எச்சரிக்கை, மறுமுறை செய்தால் வேலை போகும். பூச்சின்மேல் உட்கார்ந்த ஜோடி, வெறும் கொம்பு. முன்பு ஒரு ஊமை இருந்த இடத்தில் இனி இரண்டு ஊமைகள்.

திங்கட்கிழமை காலை ரோவீனா யார்டுக்கு வந்து, நேராகத் தன் வண்டிக்குப் போகாமல் லானியின் பழைய வண்டிக்குப் போனாள். பழுது பார்த்த பிறகு இப்போது அதைப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஓட்டுகிறார். அரத்தை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். வேலை போகும் என்று தெரிந்தே சுரண்டினாள். லானி ஒரு அட்டைப் பெட்டியோடு நொண்டி வந்தான். பெட்டி நிறைய அரங்கள்.

"பொண்டாட்டி நகம் தேய்க்கணும்னு வாங்கினேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "கொஞ்சம் அதிகமா வாங்கிட்டேன். யாருக்காவது வேணுமா?"

நான் முதலில் ஒன்றை எடுத்தேன். என் வண்டிக்குத் தேவையில்லை, பக்கத்து வண்டிக்குத் தேவை. அப்புறம் ஒருவர், அப்புறம் நாலு பேர். சிறிது நேரத்தில் யார்டு முழுக்கக் கிறீச் கிறீச் என்று ஒரே சத்தம், கறுப்புத் தூள், சிரிப்பு, வசவு. எத்தனையோ கூட்டங்களில் முழக்கம் கேட்டிருக்கிறேன். இந்தச் சத்தத்துக்கு ஈடு இல்லை.

ஹாக்லண்ட் வெளியே வந்து படியில் நின்றார்.

"எல்லாரையும் நான் எழுத வேண்டியிருக்கும்" என்றார்.

"எழுதுங்க பிரெஸ்டன்" என்றாள் ரோவீனா, கையை நிறுத்தாமல். "தாள் தீந்துச்சுன்னா சொல்லுங்க, நாங்க வாங்கித் தர்றோம்."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யார் பேரும் எழுதப்படவில்லை. அந்தப் பனிக்காலம் முழுவதும் எங்கள் வண்டிகள் மலை வளைவில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே போய்வந்தன.

ஆனால் ரோவீனாவின் எச்சரிக்கைத் தாள் இன்றும் அவள் கோப்பில் இருக்கிறது. லானியின் கோப்பில் தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்ற வரியும் இருக்கிறது, அதனால் வேறெந்தக் கம்பெனியும் அவனை எடுப்பதில்லை. இரண்டையும் நீக்கச் சொல்லிக் கம்பெனிக்கு மூன்று முறை மனுக் கொடுத்தோம். தனித்தனியாகக் கையெழுத்திட்டோம், தனித்தனியாகத் தட்டிக்கழித்தார்கள். இப்போது யார்டு முழுவதும் ஒரே தாளில் கையெழுத்திட்டு நாலாவது மனுவை அனுப்பியிருக்கிறோம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிற வேன் டிரைவரிடம், நீங்கள் தினமும் ஏறுகிற பஸ்ஸின் டிரைவரிடம் நாளைக்கே கேளுங்கள்: "அண்ணே, வண்டியில எது வேலை செய்யலைன்னு நீங்க சொல்லியும் சரிபண்ணாம வச்சிருக்காங்க?" அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதுங்கள். அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரைப் போட்டு, பக்கத்து இருக்கைக்காரரையும் கையெழுத்திட வைத்து, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.